மாப்பிள்ளையின் சப்சைட்

வாழவந்தி நாடு,
கொல்லிமலை.

மகா கனம் பொருந்திய மாப்பிள்ளை ராஜதுரை அவர்களுக்கு மாமனார் அர்த்தனாரி எழுதிக்கொள்வது. இங்கு நான், உங்கள் அத்தை, மாடுகள், கோபித்துக்கொண்டு என் வீட்டில் இருக்கும் உங்கள் மனைவி சங்கீதா, எல்லோரும் சௌக்கியம். நீங்கள் கட்டிய அறைக்குத்தான் சௌக்கியமில்லை. என் போனை நீங்கள் எடுப்பதில்லை என்பதால் தபாலில் வருகிறேன். இதைக் கட் பண்ண முடியாதல்லவா.

மலை பார்க்க வருகிறவர்களுக்கு வாடகைக்கு விட, என் மிளகுத் தோட்டச் சரிவில் அறை கட்டப்போகிறேன் என்று வந்தீர்கள். சரிவை வெட்டி, அந்த மண்ணையே முன்னால் கொட்டி மேடாக்கினீர்கள். கொட்டிய மண்ணில் ஒரு மழைக்காலம் சாமை விதைத்து விடுங்கள், மண் அமுங்கட்டும், அப்புறம் கல் வைக்கலாம், மலையில் நாங்கள் அப்படித்தான் செய்வோம் என்றேன். அடிவாரத்தில் பிறந்து ராசிபுரத்தில் இங்கிலீஷ் சொல்லித்தருகிற உங்களுக்கு அது சிரிப்பாக இருந்தது. லீவுக்குள் முடிக்கணும் என்று கட்டினீர்கள், பெயிண்டும் அடித்தீர்கள், முதல் மழை பெய்தது, உள்ளே கூட்டிக்கொண்டிருந்த சங்கீதாவோடு அறை ஒரு பக்கமாக இறங்கியது, நிலை கோணிக் கதவு இறுகிப்போனது, அவள் உள்ளே இருந்து கத்துகிறாள், நான் கடப்பாரைக்கு ஓடுகிறேன், நீங்கள் என்ன செய்தீர்கள் மாப்பிள்ளை? சன்னலுக்கு வெளியே நின்று போனைப் பார்த்து, "பயப்படாத சங்கீதா, இதுக்குப் பேரு சப்சைட். மண்ணு, வெள்ளம், காய்ச்சல், கோவம் எல்லாத்துக்கும் இங்கிலீஷ்ல இந்த ஒரே சொல்லுதான்" என்று பாடம் எடுத்தீர்கள். பக்கத்துத் தோட்டத்து ராசப்பனும் நானும்தான் அவளைச் சன்னல் வழியாக, பலாப்பழம் இறக்குவதுபோல் இறக்கினோம். இறங்கியதும் அவள் பார்த்த பார்வையில் நீங்கள் அடுத்த பஸ்ஸைப் பிடித்துவிட்டீர்கள்.

அதற்குப் பிறகு ஒரு மெசேஜ். அவள் கோபம் சப்சைட் ஆனதும் வந்து கூட்டிப்போகிறீர்களாம். செம்மேட்டில் படித்தவர்களிடம் விசாரித்தேன். அந்தச் சொல்லுக்கு யாரும் எதுவும் செய்ய வேண்டாமாம், தானாகவே நடக்குமாம். உங்களுக்கு அது ஏன் பிடித்தது என்று அப்போதே விளங்கிவிட்டது. எங்களுக்கு மண் அமுங்கும், வெள்ளம் வடியும், காய்ச்சல் விடும். ஒவ்வொன்றுக்கும் ஒரு சொல் வைத்திருக்கிறோம். கோபத்தை மட்டும் ஒருத்தர் நேரில் வந்து, தப்பு என்னோடதுதான் என்று சொல்லி ஆற்ற வேண்டும். சும்மா உட்கார்ந்திருந்தால் சங்கீதாவின் கோபம் ஆறாது, பெற்றவன் எனக்குத் தெரியும். "அவரே வந்தாலும் நான் போக மாட்டனுங்கப்பா" என்று நேற்றுக்கூடச் சொன்னாள். நானும் அனுப்புவதாக இல்லை.

உங்கள் வீட்டுப் பெரியவர்களுக்கு என் வணக்கம். அறப்பளீஸ்வரர் அருளால் நீங்கள் நல்ல ஆயுசோடும், கொஞ்சம் புத்தியோடும் வாழ ஆசீர்வாதம்.

இப்படிக்கு,
அர்த்தனாரி

பின்குறிப்பு: கவரை ஒட்டுவதற்குள் சங்கீதா இதைப் பிடுங்கிப் படித்துவிட்டாள். "எங்க ஊட்டுக்காரர இப்படி எழுத நீங்க யாருங்க?" என்று கேட்டுவிட்டு, பையைத் தூக்கிக்கொண்டு காலை பஸ்ஸில் உங்களிடம் கிளம்பிவிட்டாள். திருப்பி எழுதத் தாள் இல்லை. மேலே உள்ளதை எல்லாம் நான் அடித்துவிட்டதாக நினைத்துக்கொள்ளுங்கள் சாமி. வாரேன் என்றுகூட என்னிடம் சொல்லாமல் போய்விட்டாள், எனக்குச் சோறு இறங்கவில்லை. நீங்களாவது எடுத்துச் சொல்லி, அப்பனுக்கு ஒரு போன் போடச் சொல்லுங்கள்.