ஏழாம் கட்டிலின் நாடி

"மிஸ், இது ஒத்துக்க மாட்டேங்குது," என்று டேப்லெட்டை நீட்டினாள் கண்ணாடி போட்ட மாணவி.

நர்சிங் ஆசிரியை வாங்கிப் பார்த்தார். ஏழாம் கட்டில் நோயாளி. நாடித்துடிப்பு எழுபத்திரண்டு. கீழே சிவப்பில், 'நேற்று நூற்றுப்பத்து. பொருந்தவில்லை. மீண்டும் பார்க்கவும்.'

காலையிலிருந்து நின்ற கால்கள் கெஞ்சின. கல்லூரியில் நோட்டுப் புத்தகத்தை ஒழித்து டேப்லெட் கொடுத்து ஒரு வாரம்தான் ஆகிறது. இந்தக் கட்டிலின் பதிவு முடியாவிட்டால் பன்னிரண்டு மாணவிகளுக்கும் இன்றைய வருகை விழாது.

"தள்ளு. வேற யாராவது பாருங்கடி."

இன்னொருத்தி போனாள். கட்டிலில் படுத்திருந்தவர் சமர்த்தாகக் கையை நீட்டினார். எழுபத்திரண்டு. டேப்லெட் மறுபடி சிவப்பைக் காட்டி 'பீப்' என்றது.

"காய்ச்சல் இறங்கியிருக்கும். இந்த டப்பாவுக்கு அதெல்லாம் எங்க தெரியப்போகுது!" என்றார் ஆசிரியை.

தன் டேப்லெட்டிலேயே போட்டுப் பார்த்தார். மூன்றாவது தப்பு என்று கணக்கு வைத்துக்கொண்டு அது பூட்டிக்கொண்டது.

கணினிப் பிரிவுக்குப் போன் போட்டார்.

"எல்லாத்தையும் ஒரு தடவை அணைச்சுப் போடுங்க மேடம், சரியாயிடும்."

அணைத்துப் போட்டார்கள். பன்னிரண்டு டேப்லெட்டும் ஒரே குரலில் அலறின: 'ஏழாம் கட்டில். அவசரம்.'

டாக்டர் ஓடிவந்தார். பின்னாலேயே ஆக்சிஜன் சிலிண்டரை உருட்டிக்கொண்டு வார்டு சிஸ்டர்.

"யாருக்கு என்ன ஆச்சு?"

"யாருக்கும் ஒண்ணும் ஆகல டாக்டர். மெஷினுக்குத்தான் ஆச்சு."

"நேத்து நூத்திப்பத்து, இன்னைக்கு எழுபத்திரண்டா? நம்புற மாதிரியா இருக்கு?"

ஆசிரியை அலுத்துப்போனார். டேப்லெட்டைக் குப்புறக் கவிழ்த்தார். படுத்திருந்தவரின் மணிக்கட்டில் மூன்று விரலை வைத்து, கைக்கடிகாரத்தைப் பார்த்து ஒரு நிமிடம் முழுசாக எண்ணினார்.

"எழுபத்திரண்டு. இருபத்தாறு வருஷமா இந்த விரல்தான் டாக்டர் பார்க்குது. பொய் சொல்லாது." மாணவிகள் பக்கம் திரும்பினார். "மெஷின் ஆயிரம் சொல்லும். நீங்க மனுஷனைத் தொட்டுப் பாருங்க."

டாக்டரே தலையாட்டினார். ஒரு வாரத்தில் முதல் முறையாக ஆசிரியையின் முதுகு நிமிர்ந்தது.

படுத்திருந்தவர் மெல்ல எழுந்து, காலால் செருப்பைத் தேடினார்.

"கோவிச்சுக்காதீங்கம்மா, நோயாளி என் மச்சான். அவரை ஸ்கேனுக்குக் கூட்டிட்டுப் போனாங்க, கட்டில் சும்மாத்தானே கிடக்குன்னு நான் கொஞ்சம் சாஞ்சேன்."