மைனஸ் சாரும் சுவர்க் கடிகாரமும்

மேஜைக் காலுக்கு ரத்த அழுத்தம் பார்க்கச் சொன்ன ஒரே மனிதர் இந்தப் பூமியில் எங்கள் மைனஸ் சார்தான். நெய்யாற்றின்கரையில் ஒரு டாக்டர் அவர் கையில் பட்டையைச் சுற்றப் போனார். சார் கையை உருவிக்கொண்டார்.

"டாக்டரே, முதல்ல இதை அந்த மேசைக் காலுல கட்டுங்க. ஆளில்லாதப்ப மெஷின் எவ்வளவு காட்டுதுன்னு தெரியணும். அதைக் கழிச்சாத்தான் எனக்க பிரஷர் கிட்டும்."

டாக்டர் துணைக்குப் போன என்னைப் பார்த்தார். நான் சீலிங் ஃபேனைப் பார்த்தேன். கடைசியில் கட்டித்தான் பார்த்தார். மேஜைக்கு ஒன்றும் இல்லை என்று தெரிந்த பிறகுதான் சார் கையை நீட்டினார்.

நாங்கள் இருவரும் திருவனந்தபுரத்தில் ஒரே அலுவலகம். நான் கணக்குப் பிரிவு. அவருடைய அறையில், எப்போதோ செத்துப்போன ஒரு செயற்கைக்கோள் அனுப்பிய எண்கள் கணினி கணினியாகக் கிடந்தன. விண்வெளியில் பறந்துவந்து மோதும் நுண்துகள்களை எண்ணுகிற கருவி ஒன்று அதில் இருந்தது. வெயிலில் சூடேறினால் அந்தக் கருவி துகளே வராவிட்டாலும் எண்ணும். அந்தப் பொய்க் கணக்கைக் கண்டுபிடித்துக் கழிப்பதுதான் சாருடைய உத்தியோகம். பெற்றோர் வைத்த பெயரை அலுவலகம் என்றைக்கோ மறந்துவிட்டது.

பாறசாலையில் ரயிலேறும் நான், தனுவச்சபுரத்தில் ஏறும் அவருக்கு என் பையை வைத்து இடம் பிடிப்பேன். எங்கள் பெட்டியில் அம்பூரிப் பக்கத்து ரப்பர்க்காரர் ஒருவர் வருவார். எதைச் சொன்னாலும் இரண்டு மடங்காகத்தான் சொல்வார். எங்களுக்கெல்லாம் அவரைக் கண்டால் எரிச்சல். சாருக்கு மட்டும் உயிர்.

"அவன் நல்ல மனுஷனாக்கும் மக்கா. எப்பவும் ஒரேபோல பொய் சொல்லுவான். பாதியாக்கினா உண்மை கிட்டும். நேரத்துக்கு ஒண்ணு சொல்லுகவனைத்தான் நம்பப்பிடாது."

செங்கலில் இருந்த அவருடைய வீட்டுச் சுவர்க் கடிகாரத்துக்கும் இதே மரியாதை. அது என்றைக்கும் கால் மணி நேரம் முன்னால் நிற்கும். அதற்கு மேல் ஓடாது, குறையவும் குறையாது.

"முள்ளை ஒருமட்டம் திருப்பி வச்சா தீந்துது இல்லா, சாரே?" என்று கேட்டேன்.

"எலே, இது எவ்வளவு தப்பா காட்டும்னு, இதுக்க தெற்று எனக்குத் தெரியும். திருத்தி வச்சா, பொறவு இது புதுசா என்ன தெற்று காட்டும்னு எவனுக்குத் தெரியும்?"

கைபேசி இருக்கிறதே என்றால் அதற்கும் பதில் வைத்திருந்தார். "அது ஆரோ திருத்தி அனுப்புக நேரம். ஆரு திருத்தினா, எப்பிடித் திருத்தினான்னு நீ கண்டியா?" அந்தக் கைபேசி பெரும்பாலும் அணைந்துதான் கிடக்கும்.

அவருடைய மனைவியை நான் அக்கா என்பேன். அக்காவும் அந்தக் கடிகாரத்தோடு குடித்தனம் நடத்தப் பழகிவிட்டார். சர்ச்சுக்குக் கிளம்பும்போதுகூட மனசுக்குள் கால் மணி நேரம் கழித்துக்கொண்டுதான் சேலை மாற்றுவார்.

சாருக்கு உலகத்தில் ஒரே ஒரு கவலைதான் இருந்தது. அந்தக் கருவி சாவதற்கு முந்தின ஒரு வருஷம் கன்னாபின்னாவென்று எண்ணியிருந்தது. அந்த வருஷத்து எண்கள் மொத்தத்துக்கும் 'பயன்படுத்த வேண்டாம்' என்று முத்திரை குத்திவிட மேலிடம் நினைத்தது. சார் விடவில்லை. பூமியின் நிழலைவிட்டு வெயிலுக்கு வரும்போதெல்லாம் கருவி ஒரேபோலத்தான் கூட்டிக் காட்டுகிறது, ஆகவே கழித்துவிடலாம் என்று வருஷக்கணக்காக அதிலேயே கிடந்தார்.

"வயசாயிட்டுங்கதுக்காக ஒருத்தன் சொன்னதை எல்லாம் தள்ளிரலாமா மக்கா? அதுவும் கண்டதைத்தானே சொல்லியிருக்கு" என்பார்.

அவர் ஓய்வுபெற வேண்டிய மாதத்தில் ஒரு திங்கட்கிழமை காலை, இதை முடிவு செய்யக் கூட்டம் போட்டார்கள். அன்றைக்குத் தனுவச்சபுரத்தில் தலையை வெளியே நீட்டிப் பார்த்தேன். நடைமேடையில் சார் இல்லை. ஃபோன் வழக்கம்போல அணைந்து கிடந்தது. வண்டி நகர்ந்துவிட்டது. என் பை மட்டும் அவருடைய இடத்தில் உட்கார்ந்து வந்தது.

செலவுக் கணக்கு சொல்வதற்காக நானும் கூட்டத்தின் மூலையில் இருந்தேன். புதிதாக வந்திருந்த அதிகாரி, சாரின் திருத்தத்தைப் போட்டுத் திரையில் காட்டச் சொன்னார். கோடு பூஜ்யத்துக்குக் கீழே போய்ப் படுத்துக்கொண்டது. விண்வெளியில் மைனஸ் துகள்கள்! அறையே சிரித்தது. ஏன் இப்படி ஆயிற்று என்று சொல்லக்கூடியவர் ஒருவர்தான், அவரைக் காணவில்லை. முத்திரை விழுந்தது.

சார் பஸ் பிடித்து, சட்டை நனைந்து வந்து சேர்ந்தபோது அதிகாரியையும் என்னையும் தவிர நாற்காலிகள் காலி. திரையை அணைக்கவில்லை. ஒரு பார்வைதான் பார்த்தார்.

"இது நான் ஏற்கெனவே கழிச்சு வச்ச ஃபைலாக்கும்! அதுக்க மேல பின்னையும் கழிச்சிருக்கிய. ரெண்டு மட்டம்!"

"சாரே, ஒப்பிட்டு அனுப்பிக் கழிஞ்ஞு. அது குளோஸ் ஆயி" என்றார் அதிகாரி மலையாளத்தில். கையெழுத்துப் போட்டு அனுப்பியாகிவிட்டதாம்.

மாலை ரயிலில் ஒன்றாகத் திரும்பினோம். தனியாக விட மனமில்லாமல் நானும் அவரோடு தனுவச்சபுரத்தில் இறங்கி வீடுவரை போனேன். அக்கா சிரித்த முகமாக வாசலுக்கு வந்தார்.

"மீட்டிங் எப்பிடி? காலையில இந்த மணி நின்னு போச்சு, கேட்டியளா. நீங்க குளிக்கப் போனப்ப புது பேட்டரி போட்டு, எனக்க போனைப் பாத்து சரியா வச்சேன். இண்ணைக்குப் பாத்து உங்களுக்குப் பிந்தப்பிடாதே. பொறவு அடுக்களைத் தெரக்குல, வேலை அவசரத்துல சொல்ல மறந்துட்டேன்."

நான் சுவரைப் பார்த்தேன், என் கைபேசியைப் பார்த்தேன். இரண்டும் ஒரே நேரம் காட்டின. காலையில் சார் அந்தச் சரியான நேரத்திலிருந்து கால் மணி நேரத்தைக் கழித்துக்கொண்டு, நிதானமாகப் புட்டும் பயறும் தின்றிருக்கிறார். அக்கா கழித்ததன்மேல் இவரும் கழித்து, வீட்டிலும் ரெண்டு மட்டம்!

சாருக்கும் விளங்கிவிட்டது.

"மீட்டிங் நல்லபடியா முடிஞ்சுது பிள்ளே. நீ இச்சிரி சாயா போடு."

அக்கா அடுக்களைக்குப் போனதும் ஸ்டூலில் ஏறினார். முள்ளைக் கால் மணி நேரம் முன்னால் தள்ளினார். வருஷக்கணக்கில் அவர் தொட்டுத் திருத்தாத கடிகாரம் அது.

"அவகிட்ட மிண்டப்பிடாது, கேட்டியா? தெரிஞ்சா ஆயுசுக்கும் உள்ளுக்குள்ள நீறிட்டுக் கெடப்பா."

அந்த ஒரு வருஷத்து எண்கள் இன்னும் பத்திரமாக இருக்கின்றன, மேலே முத்திரையோடு. யாரும் திறப்பதில்லை. ஓய்வுபெற்ற பிறகு சார் அதைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. அதற்கு மேலிடத்தைத் திட்டித் தீர்த்திருந்தால்கூட எனக்கு ஆறியிருக்கும்.

சார் காலமான பிறகு ஒருநாள் அக்காவைப் பார்க்கப் போனேன். கடிகாரம் அதே கால் மணி நேரம் முன்னால் நின்றது.

"நான் ஒருநாள் சரியாக்கி வச்சேன், கேட்டியா. அண்ணைக்கே பழையபடி ஆயிட்டு. அதுக்க குணம் அது" என்றார் அக்கா. "இப்ப திருத்தலாம்னு பாத்தேன். பொறவு வேண்டாம்னு விட்டேன். இதுக்க தெற்று எனக்குத் தெரியுமில்லா."

"ஆமா அக்கா" என்றேன்.

கிளம்பும்போது பழக்கத்தில் கை சட்டைப்பைக்குப் போயிற்று. கைபேசியை எடுக்கவில்லை. சுவரைப் பார்த்து, கால் மணி நேரம் கழித்துக்கொண்டு ஸ்டேஷனுக்கு நடந்தேன். வண்டி கிடைத்தது.