கடாவுக்கு எந்த நிறம் நியாயம்?

முதலில் வெடி காதை அறையும். பிறகு ஒன்றுமே இருக்காது. இரண்டு நொடி கழித்து, வெயிலில் நடந்து களைத்து வந்ததுபோல ஒரு மெல்லிய 'டங்' வந்து சேரும். ஐந்நூறு மீட்டருக்கு அப்பால், தண்டவாளத் துண்டின்மேல் நிறுத்திவைத்த இரும்புத் தகட்டுக் கடா மல்லாந்துவிட்டது என்று பொருள். ஒன்பது வயதில் அப்பாவின் காற்சட்டையைப் பிடித்துக்கொண்டு கேட்ட அந்தச் சத்தத்துக்காகத்தான் ஓத்தீலியா புய்தீமேயா முப்பத்தைந்து வருடம் துப்பாக்கி சுட்டாள். மற்ற நேரங்களில் பள்ளிச் சீருடை தைத்தாள்.

அவள் ஊரான பால்மீத்தோவில் குன்று சுண்ணாம்பு வெள்ளை. அதனால் கடாவுக்குக் கருப்பு அடிப்பார்கள். பக்கத்து ஊரான செர்ரோ நெக்ரோவில் குன்று கரிக்கட்டை. அங்கே கடா வெள்ளை. இதில் ஓர் அநியாயம் ஒளிந்திருப்பது சோனோரா மாநிலத்தில் எவருக்கும் அதுவரை தோன்றவில்லை.

தோன்றியது ஓத்தீலியாவுக்குத்தான். மாநில அணியில் ஓர் இடம் காலியாக இருந்தது. அதற்கான போட்டி ஜூன் மாதம் செர்ரோ நெக்ரோவில். அவளுடைய வலது கண்ணில் புரை விழுந்து, வெள்ளை எதைப் பார்த்தாலும் வெயிலில் பால் பொங்கினதுபோல வழிந்தது. செப்டம்பரில் அறுவை, அதற்குப் பிறகு சுடுவது சந்தேகம் என்று மருத்துவர் சொல்லிவிட்டார். இதுதான் கடைசி வருடம். அதைச் சொல்ல வெட்கப்பட்டு, "வெள்ளைக் கடா எங்கள் ஊருக்குப் பழக்கமில்லாதது, நியாயம் வழங்க வேண்டும்" என்று மாநில விளையாட்டு அலுவலகத்துக்கு மனு எழுதினாள்.

அலுவலகம் நிறச் சமநீதி ஆணையம் ஒன்றை அமைத்தது. அதன் தலைவர், செயலாளர், உறுப்பினர் எல்லாம் லிசென்சியாதோ எவாரிஸ்தோ மொந்தெவெர்தே. சட்டம் படித்தவர் என்பதால் அவர் மனைவியும் அவரை லிசென்சியாதோ என்றே கூப்பிடுவாள். துப்பாக்கியைத் தொட்டதில்லை, எனவே பாரபட்சமற்றவர்.

முதல் ஆணை: கடாக்கள் சாம்பல் நிறம். ஒத்திகையில் ஒருவர் கண்ணுக்கும் கடா தெரியவில்லை. "அனைவருக்கும் சமமாகத் தெரியவில்லை என்பது கவனத்தில் கொள்ளப்படுகிறது" என்று அவர் குறித்துக்கொண்டார். சாம்பல் கருப்புக்குத்தான் உறவு என்று செர்ரோ நெக்ரோக்காரர்கள் கூச்சலிட்டதும் இரண்டாம் ஆணை வந்தது: முன்பாதி வெள்ளை, பின்பாதி கருப்பு. தலை எந்த ஊருக்கு, வால் எந்த ஊருக்கு என்று சண்டை வந்து மூக்குகள் உடைந்தன. மூன்றாம் ஆணை இறுதியானது: தொப்பியில் பன்னிரண்டு நிறச் சீட்டுகள், சுடுபவர் தானே எடுக்க வேண்டும், எடுத்த நிறத்தை அப்போதே கடாக்களுக்குப் புதிதாக அடிக்க வேண்டும்.

அடிக்கிறவன் கிரிஸ்பீன், ஓத்தீலியாவின் மகளுக்கு ஞானத்தந்தை. அந்த உறவால் அவள் அவனைக் கொம்பாத்ரே என்பாள், அவன் அவளைக் கொமாத்ரே என்பான்.

"ஏன் கொம்பாத்ரே, பழசைச் சுரண்டிட்டுத்தானே புதுசு அடிப்பீங்க?"

"சுரண்டச் சொல்லி ஆணையில இல்லியே கொமாத்ரே. அடிக்கணும்னுதான் இருக்கு. மூணு பிரதியிலயும் பாத்துட்டேன்."

போட்டியன்று வெயில் நூற்றுப் பத்து டிகிரி. அடித்த பெயிண்ட் அடித்த கையோடு காய்ந்தது. இருபத்தாறு பேர் சுட்டார்கள். ஒரு கடாகூட விழவில்லை. கை நடுங்கிவிட்டது, காற்று திரும்பிவிட்டது என்று அவரவர் முணுமுணுத்துக்கொண்டு இறைச்சி சுடும் அடுப்புப் பக்கம் நழுவினார்கள். தன் குண்டு பட்டிருக்குமோ என்று ஒருவருக்கும் சந்தேகம் வரவில்லை.

ஓத்தீலியா எடுத்த சீட்டு மஞ்சள். கருங்குன்றின்மேல் மஞ்சள் கடா, புரை விழுந்த கண்ணுக்கும் எலுமிச்சம்பழமாகத் தெரிந்தது. ஐந்து குண்டு. ஒவ்வொன்றுக்கும் இரண்டு நொடி. ஒவ்வொரு முறையும் வந்தது 'டங்' அல்ல. நனைந்த மெத்தையைக் குத்தினதுபோல 'தொப்'.

ஐந்து கடாவும் நின்றுகொண்டிருந்தன.

அவள் துப்பாக்கியை வைத்துவிட்டு ஐந்நூறு மீட்டரும் நடந்தாள். லிசென்சியாதோ குடை பிடித்துப் பின்னால் வந்தார். கிரிஸ்பீன் ஒரு கடாவைத் தோளால் முட்டித் தள்ளினான். அசையவில்லை. பெயிண்ட் வழிந்து வழிந்து கால்கள் தண்டவாளத்தோடு ஒன்றாகிவிட்டிருந்தன.

"அஞ்சும் நெஞ்சுல பட்டிருக்கு, பாருங்க லிசென்சியாதோ."

"படுறதுக்கு விதியில மதிப்பெண் இல்ல தோன்யா ஓத்தீலியா. விழணும்."

"இதை விழவைக்க லாரி கொண்டாரணும்!"

"எல்லாருக்கும் அதே லாரிதானே வேணும்? அதைத்தானே நீங்க மனுவுல கேட்டீங்க?"

மிச்சம் இருபத்தாறு பேரும் ஆணைப்படி சுட்டு முடித்தார்கள். அவர்களுக்கும் ஒன்றும் விழவில்லை. அவள் கூட்டத்தைப் பார்த்துக் கத்தினாள். "பெயிண்ட்டைச் சுரண்டிட்டு எல்லாரும் மறுபடி சுடுவோம். ஒரு மணி நேரம் போதும்!"

மற்ற ஐம்பத்திரண்டு பேரும் விரல்விட்டு எண்ணினார்கள். அவளையும் சேர்த்து ஐம்பத்து மூன்று பூஜ்யம் என்றால் ஐம்பத்து மூன்று முதலிடம் என்று அவர்களுக்கு அதற்குள் விளங்கிவிட்டது. அவள் ஊர்க் கசாப்புக்காரர் தோன் வென்செஸ்லாவோ தொண்டையைச் செருமினார்.

"எதுக்கு தோன்யா வீண் சிரமம்? இருபது வருஷத்துல இன்னிக்குத்தான் முதலிடம் வந்திருக்கேன். வீட்டுக்குச் சொல்லியும் அனுப்பிட்டேன்."

"உங்களுக்கு ஒண்ணு விழுந்தா எங்க ஊர் தோத்துடும். எங்களுக்கு விழுந்தா உங்க ஊரு. எதுக்கு வம்பு?" என்றது செர்ரோ நெக்ரோ. இரண்டு ஊரும் கட்டித் தழுவிக்கொண்டன. அப்படி ஒரு காட்சியை அந்தப் பாலைவனம் கண்டதில்லை.

அணியில் இடம் ஒன்றுதானே? அதற்கும் வழி இருந்தது. பூஜ்யம் எடுத்த அனைவரும் சமம். லிசென்சியாதோ ஒரு குண்டும் சுடவில்லை. ஆகவே அவருடைய மதிப்பெண்ணும் பூஜ்யம். இரண்டு ஊரையும் சேராதவர். கைதட்டலுக்கு நடுவே அவரைத் தேசியப் போட்டிக்குத் தேர்ந்தெடுத்தார்கள். கண் கலங்கி, ஒப்புக்கொண்டார். துப்பாக்கியின் எந்த முனையைப் பிடிப்பது என்று கிரிஸ்பீனைத் தனியே கூப்பிட்டு விசாரித்தார்.

கடைசியாக ஒரு தாள் ஓத்தீலியாவிடம் வந்தது. 'மனுதாரர் கோரியபடி நியாயம் முழுமையாக வழங்கப்பட்டது' என்று தட்டச்சு செய்திருந்தது. எல்லோரும் அவளையே பார்த்துக்கொண்டிருந்தார்கள், கல்யாண வீட்டில் அழப்போகிறவளைப் பார்ப்பதுபோல. மூன்று பிரதியிலும் கையெழுத்துப் போட்டாள்.

செப்டம்பர் பதினான்காம் தேதி மாநிலத் தலைநகர் எர்மோசீயோவில் அவளுக்குக் கண் அறுவை நடந்தது. அதன் பிறகு அவள் சுடவில்லை.