இந்த முறுக்கு உங்களுக்கு உண்மையிலேயே தேவையா?

ஜொகூரில் யானை இருக்கிறது, முதலை இருக்கிறது, செம்பனைத் தோட்டத்தில் ஆள் நீளத்துக்குப் பாம்பு இருக்கிறது. இதுகளையெல்லாம் கண்டால் ஓடித் தப்பித்துவிடலாம். ஓடினாலும் தப்பிக்க முடியாத ஒரு ஜீவராசி இப்போது புதிதாகப் பெருகியிருக்கிறது. அதற்கு நான் வைத்திருக்கும் பெயர் ‘உதவி வியாபாரி’. இவர் இணையத்தில் கடை திறந்திருப்பார், ஆனால் விற்க மாட்டார். “நான் விக்கலைங்க, உதவுறேன்” என்பார். நீங்கள் கேட்காவிட்டாலும் உதவுவார். வேண்டாம் சாமி என்று கும்பிட்டாலும் உதவுவார். கும்பிட்ட கையை அப்படியே படம் பிடித்து ‘நன்றி சொல்லும் வாடிக்கையாளர்’ என்று போட்டும் விடுவார்.

எப்படிக் கண்டுபிடிப்பது என்கிறீர்களா? ரொம்ப சுலபம். கூலாய் ஊர் வெயிலில், ரோட்டுத் தார் உருகிச் செருப்பைப் பிடித்து இழுக்கிற மத்தியானத்தில், ஒருவர் கோட்டு போட்டு, கையைக் கட்டி, வானத்தைப் பார்த்தபடி போட்டோவுக்கு நிற்கிறார் என்றால் அவர்தான். வானத்தில் என்ன இருக்கிறது? அங்கேதான் அவருடைய தொலைநோக்கு இருக்கிறதாம். கை ஏன் கட்டியிருக்கிறது? கோட்டு மச்சான் கல்யாணத்துக்குத் தைத்தது. பொத்தான் எட்டாது.

இன்னொரு அடையாளம், குரல் பதிவு. இவரிடம் மணி என்ன என்று வாட்ஸ்அப்பில் கேட்டுப் பாருங்கள். நேரத்தின் அருமை பற்றி ஏழு நிமிடத்துக்கு ஒரு பதிவு வரும். கேட்டு முடிக்கும்போது மணி மாறியிருக்கும்.

எங்கள் தாமான் குடியிருப்பில் இந்த இனத்தில் முழு வளர்ச்சி அடைந்த ஒன்று குடியிருக்கிறது. பெயர் லெட்சுமணன். நாற்பத்து நான்கு வயது, செனாய் பக்கம் ஒரு தொழிற்சாலையில் ஸ்டோர் கிளார்க். தங்கமான மனுஷன். பொய் சொல்ல மாட்டார், யாரையும் ஏமாற்ற மாட்டார், எறும்பு ஊர்ந்தால் சுற்றிக்கொண்டு போவார். போன வருஷம் வரைக்கும் எல்லாரையும் போலத்தான் இருந்தார். அப்புறம் ஜொகூர் பாருவில் ஒரு ஹோட்டலில் நடந்த இலவசப் பயிற்சிக்குப் போனார். ‘மக்களுக்கு உதவும் நேர்மையான இணைய வியாபாரம்’ என்று பயிற்சிக்குப் பெயர். பேசியவர், “முதலில் மனிதர்களுக்கு உதவுங்கள்” என்று ஆரம்பித்தார். அதற்குள் பின்னால் சாப்பாட்டு மேசையைத் திறந்துவிட்டார்கள். லெட்சுமணன் எழுந்து வரிசைக்குப் போய்விட்டார். “அப்புறம் பொருளை விற்றுக் கொடுங்கள்” என்று அந்த மனிதர் சொன்ன மிச்சப் பாதி, மீ கோரிங் போட்ட தட்டுச் சத்தத்தில் இவர் காதில் விழவே இல்லை.

அந்த மிச்சப் பாதி இல்லாமல்தான், தீபாவளிக்கு ஒரு மாதம் இருக்கும்போது, எதிர்வீட்டு புஷ்பவள்ளி அக்கா இவர் கையில் மாட்டினார்.

புஷ்பவள்ளி அக்கா பதினான்கு வருஷமாகத் தொழிற்சாலையில் நைட் ஷிப்ட். ஊர் தூங்கும்போது முழித்து, ஊர் முழிக்கும்போது தூங்கி, எப்போது சூரியனைக் கடைசியாக நேருக்கு நேர் பார்த்தோம் என்பதே மறந்துபோனவர். ஆனால் கையில் ஒரு வித்தை உண்டு. அக்கா முறுக்குச் சட்டியை அடுப்பில் ஏற்றினால், நெடுஞ்சாலையில் சிங்கப்பூருக்குப் போகிற லாரியெல்லாம் தானாகப் பிரேக் போடும்.

“தம்பி, மூனு வாரம் சம்பளமில்லாத லீவு எடுத்திருக்கேன்” என்றார் அக்கா. “நூத்தி இருபது டப்பா முறுக்கு சுடப்போறேன். லீவு முடியறதுக்குள்ள அது வித்துப்போச்சுன்னா, நைட் ஷிப்ட்டுக்கு ஒரு பெரிய கும்புடு. வீட்டோட சுட்டு வித்துப் பொழச்சிக்குவேன். விக்கலன்னா, அந்தத் திங்கக்கெழமை சாயங்காலமே பஸ்ஸு ஏறணும். கொஞ்சம் போன்ல போட்டு வித்துக் குடுங்க தம்பி.”

“அக்கா, மொதல்ல விக்கிறதுன்னு சொல்லாதீங்க. நாம மக்களோட வாழ்க்கைய தொடப் போறோம்.”

“வாழ்க்கைய தொடுங்க, வேணாங்கல. அப்படியே முறுக்கையும் கொஞ்சம் தொடுங்க லா.”

முதல் வாரம் முழுக்க சின்னம் வரைவதில் போனது. இரண்டு கை சேர்ந்து ஒரு முறுக்கைத் தாங்குவது போல ஒரு சின்னம். பார்த்தவர்களெல்லாம், “கொசுவத்தி டப்பா எவ்ளோண்ணே?” என்று கேட்டார்கள். அவர்களுக்கும் கோபப்படாமல், டெங்கியைத் தடுப்பது எப்படி என்று ஏழு நிமிடப் பதிவு அனுப்பினார்.

இரண்டாவது வாரம் விளம்பரம் வந்தது. நேர்மையான விளம்பரம். உலகத்திலேயே இவ்வளவு நேர்மையான விளம்பரம் இதற்கு முன் வந்ததில்லை, இனி வரவும் கூடாது. ‘எங்கள் முறுக்கில் எண்ணெய் இருக்கிறது. எண்ணெய் இதயத்துக்கு நல்லதல்ல. உப்பும் இருக்கிறது. பல் ஆடுகிறவர்கள் யோசிக்கவும். வேறு கடைகளில் இதைவிடப் பெரிய டப்பா கிடைக்கலாம். இனிப்புநீர் என்கிற சர்க்கரை வியாதி, ரத்தக்கொதிப்பு உள்ளவர்கள் தயவுசெய்து வாங்க வேண்டாம்.’

எங்கள் தாமானில் இந்த இரண்டும் இல்லாத ஜீவன் மொத்தம் இரண்டு. ஒன்றுக்கு மூன்று மாதம், இன்னும் பல் முளைக்கவில்லை. மற்றது கோயில் மயில். அந்த மயிலும் போன மாதம் கிளினிக் பக்கம் நடந்து போனதாகக் கேள்வி.

விளம்பரத்துக்கு முந்நூற்றுப் பன்னிரண்டு பேர் இதயம் போட்டார்கள். ‘என்ன ஒரு நேர்மை!’ ‘கண் கலங்குது அண்ணே!’ ‘இந்தக் காலத்தில் இப்படி ஒரு மனிதரா!’ என்று வரிசையாகப் பாராட்டு. லெட்சுமணன் ஒவ்வொன்றுக்கும் நன்றி சொல்லி முடிக்க இரண்டு நாள் ஆனது.

அக்கா போனை வாங்கி மேலும் கீழும் தள்ளிப் பார்த்தார். “இதயம் முந்நூறு வந்திருக்கு தம்பி. ஒரு வாய்கூட வரலையே?”

“வரும் அக்கா. அடுத்து படிவம் போடுறேன் பாருங்க.”

முறுக்கு வாங்கப் படிவமா என்று நீங்கள் வாயைப் பிளப்பது தெரிகிறது. பிளக்காதீர்கள், அந்த வாய்க்கும் முறுக்குக் கிடைக்காது. இருபத்திரண்டு கேள்வி. முதல் கேள்வி, ‘இந்த முறுக்கு உங்களுக்கு உண்மையிலேயே தேவையா?’ கடைசிக் கேள்வி, ‘பத்து வருஷம் கழித்து உங்களை எங்கே பார்க்கிறீர்கள்?’ முறுக்கு தின்கிறவன் பத்து வருஷம் கழித்து எங்கே இருப்பான்? இன்னொரு முறுக்குக்குப் பக்கத்தில்தான் இருப்பான்!

மூன்றாவது வாரம் மூவாரிலிருந்து ஒரு போன் வந்தது. சிவப்பு மூடி போட்ட நூற்றிருபது டப்பாவும் அப்போது லெட்சுமணன் வீட்டு ஹாலில் கூரையைத் தொட்டுக்கொண்டு நின்றன. அக்கா கதவோரம் நின்றார். லெட்சுமணன் ஸ்பீக்கரைப் போட்டார்.

“ஹலோ தம்பி, நான் செல்லப்பாக்கியம் கதைக்கிறன். எனக்குப் பத்து டப்பா முறுக்கு வேணும்.”

அக்காவின் முகத்தில் பத்து டப்பா வெளிச்சம் வந்தது.

“வணக்கம்மா. படிவம் நிரப்பிட்டீங்களா?”

“நான் முப்பத்திரண்டு வருசம் கவர்மெண்டில படிவம் நிரப்பி ரிட்டயர் ஆனனான். முறுக்குக்கும் படிவமோ?”

“உங்க நன்மைக்குத்தாம்மா. நானே கேட்டு நிரப்பிக்கிறேன். இந்த முறுக்கு உங்களுக்கு உண்மையிலேயே தேவையா?”

“முறுக்கு ஆருக்குத் தம்பி தேவை? ஆசைதான்.”

“ஆசை! அந்த ஆசைக்குப் பின்னால ஏதாச்சும் வெற்றிடம் இருக்கான்னு யோசிச்சீங்களா?”

“ஓம், இருக்கு. வயித்தில.”

“சரிம்மா, அது ‘மற்றவை’யில வரும். இனிப்புநீர் இருக்கா?”

“எழுபத்தொரு வயசு. இல்லாமல் இருக்குமோ?”

“அப்ப மன்னிச்சிருங்கம்மா. என் மனசாட்சி இடம் குடுக்கல. வெள்ளரிக்காயோட மகிமை பத்தி ஒரு வீடியோ அனுப்புறேன்” என்று சொல்லி, போனை வைத்து, தன் நெஞ்சைத் தானே தட்டிக்கொடுத்துக்கொண்டார்.

அக்கா நேராக அடுப்படிக்குப் போய் லெட்சுமணன் மனைவி மலரிடம் கேட்டார். “மலரு, உங்க வீட்டுக்காரரு நல்லவருங்கிறத அவரே ஒரு மணி நேரம் மறக்குற மாதிரி ஏதாச்சும் மருந்து இருக்கா?”

“பதினெட்டு வருஷமா தேடுறேங்கா” என்றார் மலர்.

லீவு முடிகிற ஞாயிற்றுக்கிழமையும் வந்தது. மறுநாள் சாயங்காலம் பஸ் வந்துவிடும். நூற்றிருபது டப்பாவில் ஒன்றுகூடக் குறையவில்லை. “கவலப்படாதீங்கக்கா, இன்னைக்கு சாயந்தரம் லைவ் போறோம்” என்றார் லெட்சுமணன். வட்ட விளக்கு வைத்தாயிற்று. கோட்டு போட்டாயிற்று. பின்னால் டப்பா மலை, பக்கத்தில் நாற்காலியில் அக்கா. பார்க்க வந்தவர்கள் பதினான்கு பேர். அதில் ஒன்று மலரின் போன், ஒன்று லெட்சுமணனின் இன்னொரு போன்.

“வணக்கம் உறவுகளே!” என்று தொடங்கினார். மரம் எப்படிக் கேட்காமலே நிழல் தருகிறது, ஆறு எப்படிக் கேட்காமலே ஓடுகிறது, சூரியன் எப்படிக் கேட்காமலே சுடுகிறது என்று நாற்பது நிமிடம் போனது. முறுக்கு என்ற நான்கெழுத்து மட்டும் வரவில்லை. பதினான்கு பேர் ஒன்பதானார்கள். அக்கா காலையிலிருந்து ஒன்றும் சாப்பிடவில்லை. நாளைக்குப் பஸ்ஸில் எந்தப் பக்கம் உட்காரலாம் என்று யோசிக்கவே ஆரம்பித்துவிட்டார்.

“உறவுகளே, இப்ப நம்ம வாழ்க்கையில நமக்கு உதவுன எல்லாரையும் நெனச்சு ரெண்டு நிமிஷம் மௌனமா இருப்போம். எல்லாரும் கண்ண மூடுங்க.”

காற்றாடியை நிறுத்தினார். தன் மூச்சுச் சத்தம் தியானத்தைக் கெடுத்துவிடும் என்று சட்டையில் இருந்த மைக்கைக் கழற்றி மேசையில் வைத்தார். கண்ணை மூடினார். பக்கத்தில் என்ன நடந்தாலும் காதில் ஏறாத அப்படி ஒரு சாந்தம் முகத்தில்.

அக்காவுக்குப் பசி. பக்கத்தில் கணக்கில் சேராத உடைசல் முறுக்கு டப்பா திறந்திருந்தது. யார் பார்க்கப் போகிறார்கள்? ஒரு முறுக்கை எடுத்துக் கடித்தார்.

கறுக்!

மைக்குக்கு ஒரு சாண் தூரத்தில், காற்றாடிகூட ஓடாத நிசப்தத்தில் விழுந்த கடி அது. பொந்தியானில் சோபாவில் படுத்திருந்த ஒரு மனிதர் எழுந்து உட்கார்ந்து தன் வாயைத் தொட்டுப் பார்த்தாராம். மூவாரில் ஆற்றங்கரைப் பூனையெல்லாம் காதைத் தூக்கியதாம்.

‘அது என்ன சத்தம்?’ என்று திரையில் ஒரு கேள்வி வந்தது. ‘மறுபடி கடிங்க’ என்று இன்னொன்று. அக்கா எழுத்துக் கூட்டிப் படித்தார். ஆள் கேட்டால் செய்யத்தானே வேண்டும்? மறுபடி கடித்தார். கறுக், முறுக், கறுக். ஒன்பது பேர் நாற்பதானார்கள். ஆளுக்கு ஆள் அனுப்பி, நாற்பது நானூறானது.

“என்னா முறுக்குக்கா இது?” என்று பொந்தியான்காரர் எழுதினார்.

அக்கா மைக்குக்குப் பக்கத்தில் குனிந்து மெல்லச் சொன்னார். “அரிசி மாவு முறுக்குங்க. நானே சுட்டது. நல்லா இருக்கும், சாப்புட்டுப் பாருங்க.”

அவ்வளவுதான். மொத்த விளம்பரமும் அவ்வளவுதான்.

கூலாய் ஹார்ட்வேர் கடை முதலாளி டவுக்கே, “ஆண்டி, முறுக்கு அடா லாகி?” என்று இன்னும் இருக்கிறதா எனக் கேட்டு, பதில் வருமுன்னே ஐந்து டப்பா சொன்னார். மலர் காலண்டர் தாளைக் கிழித்துப் பின்பக்கத்தில் பெயர் எழுத ஆரம்பித்தார். நடுவில் தெரிந்த பெயர் ஒன்று வந்தது.

‘நான் மூவார் செல்லப்பாக்கியம். அந்தப் படிவக்காரத் தம்பி கண்ணைத் திறக்க முன்னம் எனக்குப் பத்து டப்பா எழுதுங்கோ. கேள்வி கேக்கக் கூடாது.’

“எழுதிட்டோம்மா” என்றார் அக்கா. “ஒம்பது டப்பா பேரப்புள்ளைங்களுக்கு. உங்களுக்குன்னு ஒரு சின்ன டப்பா, உப்பு கொறச்சு நாளைக்கே தனியா சுட்டுத் தரேன். நாளுக்கு ஒன்னுதான், சரியா?”

‘சரி பிள்ளை. இதைச் சொல்லத்தானே அந்தத் தம்பிக்கு இருபத்திரண்டு கேள்வி வேண்டியிருந்தது.’

இரண்டு நிமிடம் முடிந்தது. லெட்சுமணன் இமை லேசாக ஆடியது. “முடிஞ்சிருச்சாக்கா?” என்றார், கண்ணை மூடியபடியே.

அக்கா பதறிப்போய் வாயில் இருந்த முறுக்கை விழுங்கினார். “இல்ல தம்பி, இல்ல! அப்படியே மூடிக்கிட்டு இருங்க. இப்பத்தான் ரொம்ப நல்லா உதவுறீங்க.”

லெட்சுமணன் முகம் இன்னும் பிரகாசமானது. பதினோரு நிமிடம் மூடியிருந்தார். அவர் பிறந்ததிலிருந்து மற்றவர்களுக்குச் செய்த உதவிகளிலேயே பெரிய உதவி அந்தப் பதினோரு நிமிடம்தான்.

கண்ணைத் திறந்தபோது நூற்றிருபது டப்பாவும் பேசி முடிந்திருந்தது. மேலே இன்னும் நாற்பத்தாறுக்குப் பெயர் வரிசையில் நின்றது. “பாத்தீங்களாக்கா? நன்றியோட சக்தி!” என்று லெட்சுமணன் தேம்பித் தேம்பி அழுதார். அக்கா டப்பாவில் மிச்சம் இருந்த உடைந்த முறுக்கை அவர் கையில் வைத்தார். லெட்சுமணன் கடித்தார். கறுக் என்றது. அழுகை நின்றது. “நல்லாத்தான் இருக்கு” என்றார் ஆச்சரியமாக. மூன்று வாரத்தில் அவர் அதைச் சாப்பிட்டே பார்த்ததில்லை!

திங்கட்கிழமை சாயங்காலம் தொழிற்சாலை பஸ் முனையில் வந்து ஹார்ன் அடித்தது. அக்கா வாசலில் உட்கார்ந்து மாவு சலித்துக்கொண்டிருந்தார். மாவுக் கையாலேயே ஆட்டிப் போகச் சொன்னார். பஸ் போனது. பதினான்கு வருஷத்தில் முதல் தடவையாக அக்கா இல்லாமல் போனது. அக்கா நிமிர்ந்து, இறங்கிக்கொண்டிருந்த சூரியனை நேருக்கு நேர் பார்த்துக் கண் கூசித் தும்மினார்.

லெட்சுமணன் என்ன ஆனார்? திருந்துவாரா? இப்போது ‘கண்மூடி வெற்றி’ என்று இலவச வகுப்பு எடுக்கிறார். முப்பத்து நான்கு பேர் சேர்ந்திருக்கிறார்கள். எல்லாரும் கோட்டு. ஒருவருக்கும் பொத்தான் எட்டவில்லை.

நீங்கள் சிரிக்கிறீர்கள். சிரியுங்கள். ஆனால் யாராவது உங்களிடம் ஒரு சின்ன உதவி கேட்டு வந்து, உங்கள் பேச்சைக் கேட்டுக் கொட்டாவி விட்டபடி வெறுங்கையோடு திரும்பியதுண்டா? இதைப் படிக்கும்போதே, ‘இது நம்ம கூட்டாளி செல்வாவுக்கு ரொம்ப உதவியா இருக்கும், அனுப்பி வைப்போம்’ என்று விரல் துடித்ததா? செல்வா கேட்டாரா?

சந்தேகமாக இருந்தால் ஒரு சின்ன சோதனை. இப்போதே கண்ணை மூடுங்கள். வாயையும் மூடுங்கள். இரண்டு நிமிடம். பக்கத்தில் யாராவது நிம்மதியாக எதையோ கடிக்கிற சத்தம் கேட்கிறதா?

கேட்டால், தயவுசெய்து, இப்போதைக்குத் திறந்துவிடாதீர்கள்.