புளியங்கொட்டை கம்பவுண்டர்

தருமபுரிச் சீமையில் எங்கள் கம்பவுண்டரைப் போல ஒரு சந்தேகப் பிராணி பிறந்ததும் இல்லை, இனிப் பிறக்கப் போவதும் இல்லை. காலையில் சூரியன் உதித்தால்கூட, "நேத்தும் இதே பக்கந்தானுங்களே?" என்று பக்கத்தில் இருப்பவரைக் கேட்டு உறுதி செய்துகொள்கிற ஆசாமி.

கொசுவுக்கு வேப்பெண்ணெய் கேட்குமா என்று பார்க்க, ஒரு காலில் மட்டும் பூசிக்கொண்டு, பத்து நாள் சாயங்காலத்தில் இரண்டு காலையும் நீட்டி உட்கார்ந்து கடிகளை எண்ணினார். "வேற வேற ஆளு காலுல பாத்தா ரத்தமே வேறங்க. ஒரே ஆளா இருக்கணும்," என்றார். வேப்பெண்ணெய் ஜெயித்தது. அவருக்கு மலேரியா வந்தது. பல் கிட்டும் குளிர் ஜுரத்திலும் என்னைக் கூப்பிட்டு முடிவைச் சொல்லிவிட்டுத்தான் படுத்தார்.

சட்டைப் பையில் எப்போதும் புளியங்கொட்டைகள் இருக்கும். தாயம் ஆடுகிறவர்கள் செய்வதுபோல ஒரு பக்கம் வெள்ளையாக உரசியவை. அதிருஷ்டம் தானாக என்னென்ன செய்யும் என்று தெரிந்துகொள்ள உருட்டிக்கொண்டே இருப்பார். ஒரே பக்கம் சாய்கிற கொட்டையைக் கழித்துவிடுவார். பெயர் அப்படித்தான் வந்தது.

யுத்த காலத்தில் மழை பொய்த்து, வத்தல்மலைக் குடும்பங்கள் சில கீழே இறங்கி வந்தன. ஊருக்கு வெளியே கஞ்சித்தொட்டி வைத்தோம். நான் குமாஸ்தா, அவர் கம்பவுண்டர். ஆளுக்கு ஒரு அகப்பை கேழ்வரகுக் கஞ்சி. அது போதாது, இரண்டு வேண்டும் என்று எழுதிப் போட்டார். போதாது என்பதற்கு ஆதாரம் என்ன என்று மேலதிகாரி பதில் எழுதினார்.

ஆதாரம் என்ற சொல்லைக் கேட்டதும் மனிதர் சாமி வந்தவர் போல ஆகிவிட்டார். புளி மண்டியிலிருந்து தராசு வந்தது. பதினைந்து பேரை வெறும் வயிற்றில், ஒரே உடையில் நிறுத்தி, பேர் பேராக எடை எழுதச் சொன்னார். நனைந்த துண்டோடு வந்த கிழவரை வெயிலில் காயவைத்தார். துண்டை மட்டும் அல்ல, கிழவரையும் சேர்த்து. ஒரு மாதம் கழித்து அதே ஆட்களுக்கு அதே நேரத்தில் மறு எடை என்று ஏற்பாடு.

நடுவில் ஒரு நாள், எடை போட்டவர்களில் ஒருத்தியான மாதம்மாவின் புருஷன் பொன்னன் வந்து நின்றான். "அவளால எந்திரிக்க முடியல சாமி. இன்னொரு அகப்பை ஊத்துங்க."

"ஒருத்தருக்கு மட்டும் ஊத்துனா எடை பொய் சொல்லும் பொன்னா. பத்து நாளு பொறு. ரெண்டு அகப்பை எல்லாருக்குமே வாங்கித் தாரேன்."

எட்டாம் நாள் மாதம்மா செத்துப்போனாள். அதற்குள் அந்தப் பதினைந்து பேரில் இன்னும் இரண்டு பேர் போயிருந்தார்கள்.

மறு எடைக்கு மேலதிகாரியே வந்தார். மொத்தத்தைக் கூட்டி ஆள் கணக்கால் வகுத்துச் சராசரி கேட்டார். வகுத்துக் கொடுத்தவன் நான்தான். மூன்று ராத்தல் ஏறியிருந்தது. "ஒரு அகப்பையே ஜாஸ்தி. பாதியாக்குங்க," என்றார்.

"மொதல்ல பதினஞ்சு பேருங்க, இப்பப் பன்னெண்டு," என்றார் கம்பவுண்டர். "ரொம்ப எளச்ச மூணு பேரு செத்துட்டாங்க. அதனாலதான் சராசரி ஏறுச்சு. ஒவ்வொரு ஆளுக்கும் முந்தி என்ன, இப்ப என்னன்னு பாருங்க."

பேர் பேராகப் படித்தேன். பதினோரு பேருக்கு இறக்கம், ஒருவனுக்கு ஏற்றம்.

"தற்செயலா இருக்கலாமே?"

"இருக்கலாமுங்க." பன்னிரண்டு கொட்டைகளை எடுத்து மேஜைமேல் வைத்தார். "கஞ்சி போதும்னா எடை ஏறறதும் எறங்கறதும் இந்தக் கொட்டை மாதிரிதான். கறுப்பு எறக்கம். நீங்களே போடுங்க. தானா பதினோரு கறுப்பு சுலபமா விழுந்துச்சுன்னா நான் ஒத்துக்கறேன்."

அதிகாரி சிரித்துக்கொண்டே போட ஆரம்பித்தார். ஏழு, ஐந்து, எட்டு. பிறகு சிரிப்பு நின்றது. நூறு தடவைக்கு மேல் போட்டிருப்பார். ஒரே ஒரு தடவை பத்து விழுந்தது, பதினொன்று விழவேயில்லை.

"சரி, அந்த ஏறினவன்?"

"அவனுக்குக் காலு வீங்கியிருக்குதுங்க. அது சதையில்ல, தண்ணி."

அதிகாரி இரண்டு அகப்பைக்குக் கையெழுத்துப் போட்டார்.

மறுநாள் கஞ்சி ஊற்றும்போது கம்பவுண்டர் தொட்டிக்குப் பக்கத்தில் வரவில்லை. புளியமரத்தடியில் முகத்தை மூடி உட்கார்ந்திருந்தார். பொன்னன் தன் சட்டியோடு அவரிடம் போனான். அடிக்கப் போகிறான் என்று பயந்து பின்னாலேயே ஓடினேன்.

"அவளுக்கு ஊத்தலியே சாமி," என்றான். கம்பவுண்டர் நிமிரவில்லை. பொன்னன் சட்டியை அவர் கையில் வைத்தான். "குடிங்க. நீங்களும் எளச்சுப் போயிட்டீங்க."

அழுதுகொண்டே குடித்தார். அவரைக் கிறுக்கர் என்று ஊரோடு சேர்ந்து சிரித்தவன் நான். அன்றைக்கு அவர் முதுகைத் தடவிக் கொடுத்தேன். கையில் எலும்புதான் பட்டது.