வேலிமேல் ஒரு மயில்

மயிலின் தலை மறுபடியும் இந்தப் பக்கமே வந்திருந்தது. மணவாளன் பல் துலக்குவதை நிறுத்திவிட்டு வேலியை முறைத்தான். நேற்று சாயங்காலம்தான், மயில் தலையாக வளைத்த அந்த மாதுளைக் கிளையை மூங்கில் படலின் சந்து வழியாக ராஜம்மாள் தோட்டத்துப் பக்கம் தள்ளி, இறுக்கிக் கட்டியிருந்தான்.

"ஆதி, தலை திரும்பவும் நம்ம பக்கம் வந்துகினு இருக்குது."

"மரம் நல்லாத்தான் இருக்குது. உங்களுக்குத்தான் என்னவோ ஆயிப்போச்சு," என்றாள் ஆதிலட்சுமி.

அவள் இன்று எழுந்து நடமாடி இப்படிப் பேசுகிறாள் என்றால், அது பக்கத்து வீட்டு ராஜம்மாளின் புண்ணியம். டைபாய்டில் ஆதிலட்சுமி கிழிந்த நாராகக் கிடந்தபோது வேளாவேளைக்கு வேலிக்கு மேலே கஞ்சி நீட்டியவள் அவள்தான். மணவாளன் அதை ஒருநாளும் மறக்கவில்லை, பெண்டாட்டியிடம் திட்டு வாங்கும்போதுகூட.

தன் தறியில் நெய்த பட்டுச் சேலையை ராஜம்மாளுக்குக் கொடுத்துப் பார்த்தான். "மாட்டுக்குப் புல்லு போடும்போது கட்டிக்கவா தம்பி?" என்று திருப்பிக் கொடுத்துவிட்டாள். பொங்கல் கழிந்ததும் செய்யாற்றுக்கு, மகன் வீட்டோடு இருக்கப் போகிறாள். அதற்குள் எப்படியாவது நன்றி சொல்லியாக வேண்டும்.

பெங்களூருக்கு நூல் எடுக்கப் போனபோது ஒரு பங்களா வேலியில் பழமரங்களை விசிறி மாதிரியும் குத்துவிளக்கு மாதிரியும் வளைத்துக் கட்டியிருந்ததை அவன் பார்த்திருக்கிறான். விசிறி என்ன, மயிலே செய்துவிடலாம் என்று தன் வேலியோர மாதுளையைப் பிடித்துக்கொண்டான். தோகைக் கண்களுக்குச் சிவப்புப் பூ தானாகவே கிடைக்கும்.

தறியில் சேலையின் நல்ல பக்கம் கீழே இருக்கும். நெய்கிறவன் கண்ணுக்குப் பின்பக்கம்தான். அந்தப் பழக்கம் இப்போது வசதியாகப் போயிற்று. குச்சியும் முடிச்சும் தன் பக்கம், மயில் ராஜம்மாள் பக்கம்.

"நம்ம பக்கம் பார்த்தா பழைய துணி மூட்டையாட்டம் இருக்குது," என்றாள் ஆதிலட்சுமி.

"அது அக்கா பார்க்கறதுக்கு. நீ வாயத் தொறக்காத. அவங்களே பார்த்துத் தெரிஞ்சிக்கணும்."

ஆனால் கட்டியது எதுவும் விடியும்வரை நிற்கவில்லை. எதிர்வீட்டு எல்லப்பனிடம் சண்டைக்குப் போனான்.

"உன் ஆட்டைக் கட்டிப் போடுய்யா."

"என் ஆடு இலையத் தின்னும். முடிச்ச அவுக்குமா?" என்றான் எல்லப்பன். அன்றோடு அவனுடன் பேச்சுவார்த்தை நின்றது.

அப்படியானால் அணில்தான். கிளையில் காலி டப்பாவைக் கட்டி உள்ளே கல் போட்டான். விடியற்காலை டப்பா அலறியது. ஓடிப்போய்ப் பார்த்தால், வேலிக்கு அந்தப் பக்கம் ராஜம்மாள் காலிப் பால் செம்போடு நிற்கிறாள்.

"என்னக்கா சத்தம்?"

"அணிலாத்தான் இருக்கும் தம்பி. மாடு மெரண்டு செம்ப ஒதைச்சிடுச்சு."

பால் போயிற்று. நன்றி சொல்லப் போய், அந்தப் புண்ணியவதிக்கு நஷ்டம். டப்பாவை அவிழ்த்து எறிந்துவிட்டு முடிச்சை இரட்டிப்பாக்கினான்.

ராஜம்மாள் கிளம்பும் நாள் வந்தது. வாசலில் வண்டி நின்றது. மயிலின் தலையோ இந்தப் பக்கம். ஆத்திரத்தில் ஒரே தள்ளு தள்ளினான். கழுத்து முறிந்து கையோடு வந்துவிட்டது.

அந்தக் கிளையோடே தெருவைச் சுற்றி ஓடினான்.

"மன்னிச்சிடுங்கக்கா. என் ஆதிய எனக்குத் திருப்பிக் குடுத்தது நீங்கதான். அதுக்குன்னு உங்களுக்கு ஒரு மயிலு செஞ்சேன். நல்ல பக்கத்த உங்க பக்கம் வெச்சுத்தான் கட்டினேன். எந்தப் பாழாப்போனதோ தெனமும் அவுத்து எங்க பக்கம் தள்ளிடுது."

ராஜம்மாள் கிளையை வாங்கிப் பார்த்தாள். முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். அப்புறம் சிரிப்பை அடக்க முடியாமல் வண்டிச் சட்டத்தைப் பிடித்துக்கொண்டாள்.

"எனக்கா தம்பி? தறிக்காரரு, பழக்கதோஷத்துல நல்ல பக்கத்த மாத்திக் கட்டிட்டாருன்னு நெனச்சு, ஒடம்பு தேறி வந்த பொண்ணு பார்த்துச் சந்தோசப்படட்டும்னு, நான்தான் தெனமும் விடியக்காலத்துல படல் சந்துல கையவுட்டு உங்க பக்கம் திருப்பிகினு இருந்தேன். சொன்னா வெக்கப்படுவீங்கன்னு சொல்லல."