பத்து லட்சத்து மூன்றாம் விண்ணப்பம்

வடக்கு டகோட்டாவில் எங்கள் மாவட்ட நீர் அலுவலகத்துக்குப் புது இயக்குநராக வந்த ட்வைட் ஹால்வர்சன், மூன்று நாள் மேலாண்மைப் பயிற்சி பெற்றவர். அதன் பலனாக ஓர் ஆணை பிறப்பித்தார்: இனி எந்த விண்ணப்பத்தையும் தனி ஒருவர் முடிவு செய்யக் கூடாது. விண்ணப்ப எண் மீதியில்லாமல் எத்தனையால் வகுபடுகிறதோ, அத்தனை பேர் குழுவே முடிவு செய்யும். பொறுப்பு சமமாகப் பிரியும். மீதி யார் தலையிலும் விழாது.

ஜூலையில் லார்னா எக்லண்டின் கிணறு வற்றியது. வீட்டில் நாற்பது மாடுகள். புதுக் கிணறு தோண்ட அனுமதி கேட்டார். கிடைத்த எண் 10,00,003.

ஒரு வாரம் கழித்து இயக்குநர் கூப்பிட்டனுப்பினார்.

"மேடம், உங்க நம்பர் ஒத்துழைக்க மாட்டேங்குது. ரெண்டால வகுத்தோம், மூணால வகுத்தோம், மீதி நிக்குது."

லார்னாவுடன் போயிருந்த ஹார்லன் வோஸ், ஓய்வுபெற்ற கணக்கு வாத்தியார். "அது பகா எண் சார். ஆயிரத்துக்குள்ள இருக்கிற நூத்தி அறுபத்தெட்டு பகா எண்ணாலயும் வகுத்துப் பாத்துட்டேன். ஒண்ணால வகுபடும், இல்லேன்னா அதாலயே வகுபடும்."

"ஒருத்தர் முடிவு பண்ணக் கூடாது. அப்போ பத்து லட்சத்து மூணு பேர் வேணும்."

"மாநிலத்துலயே அவ்வளவு பேர் இல்லையே!"

"ஆள் பற்றாக்குறை எங்க துறை இல்லீங்க."

"சார், மாடு தண்ணி கேக்குது," என்றார் லார்னா. "நம்பர்ல ஒண்ணு கூட்டிக்கக் கூடாதா?"

"ஆவணத் திருத்தமா? ஜெயிலுக்குப் போகணுமா மேடம்?"

விண்ணப்பம் தள்ளுபடியானது. தள்ளுபடியானவர் தொண்ணூறு நாள் கழித்தே மறுபடி விண்ணப்பிக்கலாம். அந்தத் தொண்ணூறு நாளும் லார்னா பதினெட்டு மைல் போய் லாரியில் தண்ணீர் கொண்டுவந்தார். பாதி மாடுகளை விற்றார்.

அக்டோபரில் மறுபடி போனார். கிடைத்தது 10,00,032. ஹார்லன் குதித்தே விட்டார். "ரெண்டு, மூணு, நாலு, ஆறு, எட்டு, எல்லாத்தாலயும் வகுபடும் லார்னா!"

அதுதான் வினையானது. ஐந்து குழுக்களும் விண்ணப்பம் தங்களுக்கே என்றன. அலுவலகத்தில் இருந்ததோ எட்டே பேர். இருவர் குழுவில் சரி என்ற அதே ஆள், மூவர் குழுவில் உட்கார்ந்ததும் ஆட்சேபித்தார். கடைசியில் எட்டுப் பேரும் சேர்ந்து இருபத்து மூன்று கையெழுத்துப் போட்டார்கள். நிலம் உறைவதற்கு இரண்டு நாள் முன்பு கிணறு தோண்டப்பட்டது. தண்ணீர் வந்தது. லார்னா அதன் பக்கத்திலேயே உட்கார்ந்து அழுதார்.

இதற்குள் ஊருக்கே கணக்கு தெரிந்துவிட்டது. கவுண்டரில் அடுத்த எண் 10,00,033. அதுவும் பகா எண். எடுத்தால் தொண்ணூறு நாள் போச்சு. ஆகவே பன்னிரண்டு பேர் வரிசையில் நிற்கிறோம்.

"நீங்க முன்னால போங்க."

"ஐயோ, பரவாயில்ல. உங்களுக்குத்தான் அவசரம்."

மூன்று வாரமாக ஒரு விண்ணப்பமும் இல்லை, ஆகவே ஒரு தள்ளுபடியும் இல்லை, ஒரு புகாரும் இல்லை. ஹால்வர்சனுக்கு மாநில விருது அறிவித்திருக்கிறார்கள். பக்கத்து ஊர் நிருபர் வந்து எங்களைப் படம் எடுத்து, இவ்வளவு பண்பான வரிசையை வாழ்நாளில் பார்த்ததில்லை என்று எழுதினார்.

அந்தப் பத்திரிகையில் பத்துப் பிரதி வாங்கி வைத்திருக்கிறேன். படத்தில் நான் நன்றாக விழுந்திருக்கிறேன்.